விசாரணை நீதிபதி வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது? அலபாமாவின் ஃபிராங்க் ஜான்சனை முன்வைத்து

கேள்வி, ஜனவரி 4

ஐயா, நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. செமினாருக்கு அமெரிக்க நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற ஆட்களை எல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம்தான். விசாரணை நீதிபதி என்றால் சாட்சி கேட்பார், தீர்ப்பு சொல்வார், மேலே போனால் உடைத்துவிடுவார்கள். அதில் எழுத என்ன இருக்கும்?

ஜனவரி 4, இரவு 9.50

நிறைய இருக்கிறது தம்பி. ஃபிராங்க் மினிஸ் ஜான்சன் என்று ஒருவர். அலபாமாவின் நடு மாவட்டத்துக்கு, அதாவது மான்ட்கோமரியில் இருக்கும் ஃபெடரல் (மத்திய அரசின்) கோர்ட்டுக்கு, 1955 முதல் 1979 வரை நீதிபதி. பஸ், ஓட்டு, பள்ளிக்கூடம், ஜூரி, மனநல மருத்துவமனை, ஜெயில் என்று அந்த மாநில அரசு கெடுத்து வைத்திருந்தது எல்லாம் வரிசையாக அவர் மேஜைக்கு வந்தது. அவரை எடு. விவரமாக நாளைக்கு எழுதுகிறேன், கண் எரிகிறது.

ஜனவரி 5, காலை 6.15

முதலில், நம்ம ஊர் மாவட்ட நீதிபதியை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதே. நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ நீதிபதிகளுக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நம்மவர்களுக்கு மாற்றல் உண்டு, 60 வயதில் ஓய்வு உண்டு, மேலே உயர் நீதிமன்றத்தின் கண் எப்போதும் உண்டு. பாதி சாட்சி முடிந்த வழக்கில் ஐயா மாறிப் போவார். புதிதாக வருபவர் கட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். இரண்டு தரப்பு வக்கீலும் ஆளுக்கொரு வாய்தா வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

அங்கே ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். அதோடு சரி, ஆயுள் பதவி. மாற்றல் கிடையாது. சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. நீக்க வேண்டுமானால் கீழவை குற்றம் சாட்டி, செனட் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அந்த நாட்டு வரலாறு முழுக்க அப்படி வெளியே அனுப்பப்பட்ட ஃபெடரல் நீதிபதிகள் எட்டுப் பேர்தான்.

யாரும் அசைக்க முடியாது என்று ஆகும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. நீயும் அந்த ஊரை விட்டுப் போக முடியாது. யாருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினாயோ, அவனும் நீயும் ஒரே கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். உச்ச நீதிமன்றத்து ஒன்பது பேருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜனவரி 5, மதியம் 2.30

பிறப்பு வளர்ப்பு சுருக்கமாக. 1918 அக்டோபர் 30, வின்ஸ்டன் கவுன்டி (கவுன்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி). வட அலபாமாவின் மலைப்பக்கம். பெரிய பருத்தித் தோட்டமோ கூட்டம் கூட்டமாக அடிமைகளோ அதிகம் இல்லாத, சொந்தக் கையால் உழுத ஏழை விவசாயிகளின் பூமி. 1861இல் அலபாமா நாட்டை விட்டுப் பிரிந்தபோது, எங்களை விட்டுவிடுங்கள் என்று முறுக்கிக்கொண்ட ஊர் அது. அந்த முறுக்கு நூறு வருஷம் கழித்தும் அங்கே விட்டபாடில்லை. மாநிலமே ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலத்தில் இவருடைய அப்பா குடியரசுக் கட்சிக்காரர். சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்கு அவர் ஒருவரே உறுப்பினராக இருந்தவர், உயில், சொத்து விவகாரங்களைப் பார்க்கும் ப்ரோபேட் நீதிபதியும்கூட.

பையன் அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1943இல் வெளியே வந்தார். உடனே ராணுவம், நார்மண்டியில் காயம். திரும்பி வந்து ஜாஸ்பர் என்ற சின்ன ஊரில் வக்கீல் தொழில். ஐசன்ஹோவர் ஜெயித்ததும் ஃபெடரல் அரசு வழக்கறிஞர். கறுப்பின ஆட்களைக் கடனுக்குப் பிடித்து வைத்து வேலை வாங்கிய தோட்டக்காரர்கள் மேல் கொத்தடிமை வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தந்தது அப்போதுதான். 1955 அக்டோபரில் நீதிபதி நியமனம் வந்தபோது வயது 37 ஆக ஒரு வாரம் பாக்கி.

சட்டக் கல்லூரியில் கூடப் படித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் வாலஸ். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜனவரி 6, இரவு 8.05

நியமனம் வந்த சில வாரத்தில், டிசம்பர் 1 அன்று, அதே மான்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது. பஸ் புறக்கணிப்பு ஆரம்பம். எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகத் தெரியாதது, பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது ரோசா பார்க்ஸின் வழக்கில் இல்லை என்பது. வக்கீல் ஃபிரெட் கிரே அதற்கென்று தனியாக ஃபெடரல் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார். ஆரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் என்று நான்கு பெண்கள் வாதிகள். மாநிலச் சட்டத்தையே எதிர்க்கும் வழக்கு என்பதால் மூன்று நீதிபதி அமர்வு. வாதம் முடிந்து மூவரும் அறைக்குள் போனதும் வழக்கப்படி இளையவர்தான் முதலில் பேச வேண்டும். ஜான்சன்தான் இளையவர், பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரிவினைச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டார். மூத்தவர் ரிவ்ஸ் கூடச் சேர்ந்தார். லின் என்ற மூன்றாமவர் மறுத்தார். 1956 ஜூன் 5 அன்று இரண்டுக்கு ஒன்று. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, டிசம்பரில் புறக்கணிப்பு முடிந்தது.

அதே டிசம்பரில் ஜான்சன் வீட்டுப் புல்வெளியில் சிலுவையைக் கொளுத்தினார்கள். ரிவ்ஸின் மகன் அதற்கு முன்பே விபத்தில் இறந்து போனவர். அந்தக் கல்லறையையும் விட்டுவைக்கவில்லை, அசிங்கப்படுத்தினார்கள்.

ஜனவரி 7, காலை 7.00

பின்னூட்டத்தில் ஒருவர் "கறுப்பின மக்களின் போராளி நீதிபதி" என்று பாராட்டியிருக்கிறார். அப்படி மாலை போட்டுவிடாதீர்கள் சார், அவருக்கே பிடித்திருக்காது.

டஸ்கீகி என்ற அலபாமா ஊரின் வழக்கைப் பாருங்கள். சதுரமாக இருந்த ஊர் எல்லையை மாநில அரசு 28 பக்கம் உள்ள கோணல்மாணல் உருவமாக வெட்டியது. கறுப்பின வாக்காளர்கள் ஏறக்குறைய எல்லோரும் எல்லைக்கு வெளியே போய் விழுந்தார்கள். வழக்கு ஜான்சனிடம் வந்தது. ஊர் எல்லையை வகுப்பது மாநிலத்தின் அதிகாரம், முன்தீர்ப்புகள் அப்படித்தான் சொல்கின்றன என்று தள்ளுபடி செய்துவிட்டார். 1960இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. அதற்கப்புறம்தான் அவர் அந்தச் சட்டத்தை அடித்தார்.

1961இல் ஃப்ரீடம் ரைடர்ஸ், அதாவது பிரிவினையை எதிர்த்து இரு இனத்தவரும் சேர்ந்து பஸ்ஸில் பயணம் வந்தவர்கள், மான்ட்கோமரி பஸ் நிலையத்தில் அடிபட்டபோது, கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கும் உள்ளூர் போலீசுக்கும் தடை உத்தரவு போட்டார். அதே கையோடு, கொஞ்ச நாளைக்கு நீங்களும் வராதீர்கள் என்று பயணக்காரர்களுக்கும் ஒரு தற்காலிகத் தடை. அவர்கள் பக்கத்து ஆள் என்றால் இதைச் செய்வாரா? சட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுமோ அவ்வளவு தூரம்தான் நடந்தார். ஆனால் அவ்வளவு தூரமும் நடந்தார். அந்தக் காலத்து அலபாமாவில் மற்றவர்கள் பலர் அதையும் செய்யவில்லை.

ஜனவரி 7, இரவு 10.20

வாலஸ் விஷயம். 1958 கடைசியில் அவர் மாநில சர்க்யூட் நீதிபதி. கவர்னர் தேர்தலில் அப்போதுதான் தோற்றிருந்தார். கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை மறுக்கப்படுகிறதா என்று விசாரித்த ஃபெடரல் சிவில் உரிமைகள் ஆணையம் வாக்காளர் பதிவேடுகளைக் கேட்டது. கொடுக்க மாட்டேன், வந்தால் உள்ளே தள்ளுவேன் என்று வாலஸ் மேடைக்கு மேடை முழங்கினார். ஜான்சன், பதிவேடுகளைக் கொடு, கொடுக்காவிட்டால் அவமதிப்பு என்று உத்தரவு போட்டார்.

அப்புறம் ஒரு ராத்திரி வாலஸ் ரகசியமாக ஜான்சன் வீட்டுக்கு வந்தார். இதை ஜான்சனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பழைய வகுப்புத் தோழன் கேட்டது இதுதான்: எனக்குச் சின்னதாக ஒரு தண்டனை கொடு, சில நாள் ஜெயிலில் இருந்தால் அரசியலில் எனக்கு நல்லது. அவமதிப்பு நிரூபணமானால் சட்டம் அனுமதிக்கும் முழுத் தண்டனையையும் தருவேன் என்றார் ஜான்சன்.

வாலஸ் என்ன செய்தார்? பதிவேடுகளை கிராண்ட் ஜூரியிடம் (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) கொடுத்து, அவர்கள் கை வழியாக ஆணையத்துக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார். வெளியே மட்டும் வீர வசனம். 1959 ஜனவரியில் ஜான்சன் எழுதிய தீர்ப்பைப் படித்தால் சிரிப்பு வரும். இவர் கொல்லைப்புற வழியாக உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார், ஆகவே குற்றவாளி இல்லை, விடுதலை. ஜெயிலுக்குப் போகத் துடித்த மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? வாலஸ் அதை மறக்கவில்லை. ஜான்சனைப் பொய்யன், துரோகி என்று திட்டித் திட்டியே 1962இல் கவர்னர் ஆனார்.

ஜனவரி 8, மாலை 5.40

செல்மா பற்றிக் கேட்டவருக்கு. 1965 மார்ச் 7, ஓட்டுரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குக் கிளம்பிய ஊர்வலத்தின் மேல் பாலத்தில் போலீஸ் தடியடி. மறுநாள் வழக்கு. 9ஆம் தேதி ஜான்சன், விசாரணை முடியும்வரை ஊர்வலம் வேண்டாம் என்று தடை போட்டார். மார்ட்டின் லூதர் கிங் அன்று பாலம் வரை போய்த் திரும்பி வந்ததற்கு அந்த உத்தரவு ஒரு பெரிய காரணம். இயக்கத்து இளைஞர்கள் கிங் மீதும் கோபப்பட்டார்கள், நீதிபதி மீதும் கோபப்பட்டார்கள்.

விசாரணையில் அந்தத் தடியடியின் படச்சுருளைக் கோர்ட்டிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். 17ஆம் தேதி உத்தரவு வந்தது: போகலாம். போராடும் உரிமையின் அளவு, எதிர்க்கப்படும் அநியாயத்தின் அளவுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டப் பேராசிரியர்கள் இன்றைக்கும் சண்டை போடும் வாக்கியம் இது. அநியாயத்தை அளக்கும் படி யாரிடம் இருக்கிறது என்று ஒரு கூட்டம் கேட்கிறது, கேட்பதும் நியாயம்தான்.

எனக்குப் பிடித்தது அதன் அடுத்த பகுதி. சாலை இரண்டு தடமாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது. எங்கே தங்குவார்கள், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் என்ன ஏற்பாடு என்று மனுதாரர்கள் எழுத்தில் திட்டம் கொடுத்திருந்தார்கள், அதை உத்தரவோடு சேர்த்தார். வெறுமனே அனுமதி என்று எழுதியிருந்தால் மாநில போலீஸ் நூறு ஓட்டை கண்டுபிடித்திருக்கும்.

ஜனவரி 8, இரவு 11.10

ஊர்வலம் முடிந்த 25ஆம் தேதி ராத்திரி ஊர்வலத்துக்கு உதவ வந்திருந்த வயோலா லியுசோ என்ற பெண்ணைக் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள் கிளான் ஆட்கள். மாநிலக் கோர்ட்டில் கொலை வழக்கு. ஒரு முறை ஜூரி ஒத்துப்போகவில்லை, மறுமுறை விடுதலை. பிறகு 1870ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், சிவில் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று மூன்று பேர் மேல் ஃபெடரல் வழக்கு, ஜான்சன் முன்பு. ஜூரி முழுக்க வெள்ளை ஆண்கள். எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை என்று திரும்பி வந்தார்கள். இவர் விடவில்லை. இன்னும் முயற்சி செய்யுங்கள் என்று உள்ளே அனுப்பினார். டிசம்பர் 3, மூவரும் குற்றவாளிகள், பத்து வருஷம். ஜூரியிடம் ஜான்சன், என் அபிப்பிராயத்துக்கு ஏதாவது மதிப்பு இருந்தால், நீங்கள் வந்திருக்கக்கூடிய ஒரே முடிவு இதுதான் என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். நீதிபதி ஜூரியைப் பாராட்டுவது சரியா? எனக்கு இன்னும் நெருடுகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் அன்று சாயங்காலம் எந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஜனவரி 9, காலை 9.30

"பாதுகாப்பு கொடுத்திருப்பார்களே" என்று கேட்டவருக்கு: வீட்டு வாசலில் ஃபெடரல் கோர்ட்டின் காவலர்களான மார்ஷல்கள் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். 1967 ஏப்ரலில் குண்டு வெடித்தது அவர் அம்மா வீட்டில். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயரே அலபாமா, அலபாமா லாங் ஜான்சன்.

அடுத்த மாதம் டைம் பத்திரிகை அட்டையில் ஜான்சன் படம்.

ஜனவரி 10, இரவு 9.15

இனி நான் சொல்ல வந்த இடம். இதுவரை எழுதியதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும்.

கோர்ட்டில் வேலை பார்த்த எவரும் சொல்வது: டிகிரி, அதாவது ஜெயித்த தீர்ப்பாணை, வாங்குவது பாதிக் கஷ்டம், அதை அமல்படுத்தச் சொல்லிப் போடும் நிறைவேற்று மனுதான் முழுக் கஷ்டம். வழக்கில் ஜெயித்த கிழவர் வருஷக்கணக்கில் எங்கள் மேஜை முன்னால் வந்து நிற்பார். அமீனா வாரண்டை எடுத்துக்கொண்டு போவார், மாலையில் திரும்பி வருவார். பின்பக்கத்தில் "வீடு பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் விவரம் தெரியவில்லை" என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து. அதை நான் கட்டில் சேர்த்து அடுத்த வாய்தா குறிப்பேன். எதிர்வாதி அரசுத் துறையாக இருந்தால் அந்தப் பூட்டுகூடத் தேவையில்லை. மேல்முறையீடு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கடிதம் வந்தால் போதும், கட்டு மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.

ஜான்சன் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த நிறைவேற்றுகிற வேலைதான். பள்ளி வழக்கு 1963இல் ஒரு கவுன்டிக்காக வந்தது. வாலஸ் போலீசை அனுப்பிப் பள்ளியையே திறக்கவிடாமல் செய்தார். குறுக்கிடுவது மாநிலம் என்றால் உத்தரவும் மாநிலம் முழுமைக்கும்தான் என்ற நிலைக்கு 1967இல் அவர் அமர்வு வந்தது. மாநிலமெங்கும் ஏறக்குறைய நூறு பள்ளி நிர்வாகங்கள் ஒரே வழக்குக்குள் வந்தன. வாலஸ் வம்பு பண்ணப் பண்ண வழக்கு பெரிதாகிக்கொண்டே போனது. தன் கையாலேயே அதை வளர்த்துவிட்டார்.

அடுத்தது வயாட் வழக்கு. டஸ்கலூசாவில் பிரைஸ் மருத்துவமனை, ஐயாயிரத்துக்கும் மேல் மனநோயாளிகள். 1970இல் சிகரெட் வரி வருமானம் குறைந்தது என்று ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். வழக்கு அதிலிருந்துதான் ஆரம்பித்தது, வேலை போனவர்கள் போட்ட வழக்கு. நோயாளிகள் தரப்பில் ரிக்கி வயாட் என்ற பதினைந்து வயதுப் பையனின் பெயரும் சேர்ந்தது. விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது: ஒரு நோயாளியின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மாநிலம் செலவழித்தது 50 சென்ட்டுக்கும் குறைவு. குற்றம் எதுவும் செய்யாத ஆளைச் சிகிச்சைக்கு என்று சொல்லிப் பூட்டிவைத்துவிட்டு சிகிச்சை தராவிட்டால், அது வெறும் சிறை. 1971இல் அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்.

மாநிலத்துக்கு ஆறு மாதம் கொடுத்தார். உருப்படியாக எதுவும் வரவில்லை. 1972 ஏப்ரலில் அவரே தரங்களை உத்தரவோடு இணைத்தார். எட்டு நோயாளிக்கு ஒரு கழிப்பறை. பதினைந்து பேருக்கு ஒரு குளியல் வசதி. ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, பலர் இருக்கும் அறையில் ஆளுக்கு 80 சதுர அடி. வெப்பநிலை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக் கூடாது, 83ஐத் தாண்டக் கூடாது. எத்தனை நோயாளிக்கு எத்தனை டாக்டர், நர்ஸ் என்று தனி அட்டவணை.

எனக்கு அது தீர்ப்பாகவே தெரியவில்லை, பொதுப்பணித் துறை எஸ்டிமேட் மாதிரி இருந்தது. பாராட்டாகவே சொல்கிறேன். "போதுமான வசதி செய்து தரப்பட வேண்டும்" என்று முடியும் உத்தரவுகளை எத்தனை தட்டச்சு செய்திருப்பேன்! போதுமானது எது என்று முடிவு செய்பவர் எதிர்வாதியாகவே இருப்பார். எட்டுக்கு ஒன்று என்று எழுதிவிட்டால் எண்ணிப் பார்த்துவிடலாம். வீடு பூட்டியிருந்தது என்று எழுத முடியாது.

ஜனவரி 11, காலை 6.50

சிறை வழக்கை விட்டுவிட்டேனே என்று ஒருவர் நினைவூட்டினார். 1976 ஜனவரி. தண்டனை அறை ஒன்றுக்குக் கைதிகளே வைத்த பெயர் நாய்க்கூண்டு. நான்கடிக்கு எட்டடி, அதில் ஆறு பேர் வரை. படுக்கை இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, தரையில் ஓர் ஓட்டை. விசாரணையின்போது மாநிலத்தின் வக்கீலே எழுந்து, இது அரசியல் சாசனத்துக்கு விரோதம்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் வாலஸ் அடங்கவில்லை. ஃபெடரல் நீதிபதிகளுக்கு முள்கம்பியால் எனிமா கொடுக்க வேண்டும் என்று சொன்ன ஆள் அவர்.

ஜனவரி 11, மதியம் 1.00

"ஜெயிலில் எத்தனை சதுர அடி என்பதை நீதிபதி முடிவு செய்தால் அரசாங்கம் எதற்கு? ஓட்டுப் போட்டது அவருக்கா?"

நல்ல கேள்வி. காலையிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைய குறிப்பில் நான் கொஞ்சம் உற்சாகமாகவே எழுதிவிட்டேன், எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். வயாட் வழக்கு முடிந்தது 2003 டிசம்பரில். 33 வருஷம். ஜான்சன் 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன பிறகு வேறு நீதிபதி நடத்தி முடித்தார். ஒரு மருத்துவமனையை ஒரு கோர்ட் மூன்று தலைமுறை அதிகாரிகள் காலம் மேற்பார்வை பார்த்தது என்றால், உத்தரவு வேலை செய்ததா செய்யவில்லையா? நோயாளிகள் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது, நிலைமை மாறியது, அது உண்மை. கோர்ட் கையை எடுத்தால் பழையபடி ஆகிவிடும் என்ற பயத்திலேயே வழக்கு ஓடியதும் உண்மை.

ஓட்டைப் பற்றி: மனநல மருத்துவமனையில் பூட்டப்பட்டவனும் ஜெயிலில் இருப்பவனும் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள்? அவர்களுடைய சாப்பாட்டுச் செலவைக் குறைத்ததால் எந்த எம்.எல்.ஏ. தோற்றார்? அலபாமாவில் ஜான்சன் எடுத்துக்கொண்ட அதிகாரத்தில் பெரும்பகுதி, அரசியல்வாதிகள் வேண்டுமென்றே கீழே போட்டது. கஷ்டமான செலவுக்கு நீதிபதியைக் கைகாட்டிவிட்டு அவரைத் திட்டி ஓட்டு வாங்குவது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

ஜனவரி 12, இரவு 8.30

சின்னச் சின்னது சில.

மேலே போனால் உடைத்துவிடுவார்கள் என்றாயே தம்பி, தலைகீழாகவும் நடந்திருக்கிறது. விமானப்படை அதிகாரி ஷாரன் ஃபிரான்டியேரோ, கணவருக்கும் குடும்பப் படி வேண்டும் என்று போட்ட வழக்கு. மூன்று நீதிபதி அமர்வில் மற்ற இருவர் மறுத்தார்கள், ஜான்சன் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1973இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1977இல் கார்ட்டர் இவரை எஃப்.பி.ஐ. தலைவராக்க நினைத்தார். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்காமல் விலகிக்கொண்டார்.

ஒரே மகன், வளர்ப்பு மகன், 1975இல் தற்கொலை செய்துகொண்டார். இதைச் செமினாரில் தீர்ப்புகளோடு முடிச்சுப் போட்டுக் கதை கட்டாதே.

வாலஸ் வயதான காலத்தில் பலரிடம் மன்னிப்புக் கேட்டார், இவரிடமும் சொல்லி அனுப்பினார். அதைக் கடவுளிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று பதில் போனதாகச் சொல்வார்கள். இருவரும் ஒரு வருஷ இடைவெளிக்குள் போய்ச் சேர்ந்தார்கள், வாலஸ் 1998 செப்டம்பர், ஜான்சன் 1999 ஜூலை.

ஜனவரி 13, காலை 10.05

பென்ஷன் கேட்ட சக ஊழியருக்கு (கேட்காமல் இருப்பீர்களா!): 65 வயதும் 15 வருஷ சேவையும் இருந்தால், அல்லது 65க்கு மேல் போய், குறைந்தது 10 வருஷ சேவையோடு வயதும் சேவையும் கூட்டி 80 வந்தால், முழுச் சம்பளத்தோடு ஒதுங்கலாம். 'மூத்த நீதிபதி' அந்தஸ்தில் குறைந்த வழக்குகளை எடுத்துக்கொண்டு தொடரவும் செய்யலாம். ஜான்சன் 1991இல் அப்படி மாறினார். நம் பென்ஷன் ஆர்டரோடு ஒப்பிட்டு வயிறு எரிய வேண்டாம்.

ஜனவரி 13, இரவு 9.00

தம்பி, இருபது நிமிஷம்தான் தருகிறார்கள் என்கிறாய். அப்படியானால் பஸ் வழக்கை ஒரு வரியில் முடித்துக்கொள், அதை வேறு யாராவது எப்படியும் பேசிவிடுவார்கள். வாலஸின் ராத்திரி வருகையை வை, கூட்டம் தூங்காது. மீதி நேரம் முழுக்க வயாட். 1972 உத்தரவின் பின்னிணைப்பை முழுசாகப் படி, தீர்ப்பின் சுருக்கத்தைப் படித்துவிட்டு வராதே. வழிகாட்டி, இதில் சட்டக் கேள்வி எங்கே என்று கேட்டால், எட்டுக்கு ஒன்று என்ற எண்ணை நீதிபதி எந்த அதிகாரத்தில் எழுதினார் என்பதையே கேள்வியாக வைத்துவிடு. இரண்டு பக்கமும் வாதாட விஷயம் இருக்கிறது.